விளம்பரத் துறைக்குப் போக எந்த வகுப்பில் சேரலாம்?

கேள்வி: எனக்கு 26 வயது. வணிகவியல் படித்தவள். மூன்று வருடமாக ஓர் இணைய விற்பனை நிறுவனத்தில் பொருட்களுக்கு விவரக் குறிப்பு எழுதும் வேலை பார்க்கிறேன். ஓரளவு படம் வரைவேன். போட்டோஷாப்பை நானாகவே கற்றுக்கொண்டேன். விளம்பர ஏஜென்சியில் வாசகம் எழுதும் காப்பிரைட்டராகவோ, விளம்பரத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஆர்ட் டைரக்டராகவோ ஆக வேண்டும் என்று ஆசை. மூன்று வழிகள் தெரிகின்றன. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட முழுநேரப் படிப்பு. ஏஜென்சிகளில் வேலை பார்ப்பவர்களே நடத்தும் மூன்று மாத வார இறுதி வகுப்பு. கட்டணம் குறைவான, பதிவு செய்த வீடியோ பாடங்கள். எதில் சேரலாம்? எழுத்தா, படமா என்று எப்படி முடிவு செய்வது? ஏஐ வந்துவிட்ட பிறகு இதற்காகப் படிப்பதே வீணா? கடைசியாக ஒன்று. யாராவது என் எழுத்தைக் குறை சொன்னால் இரண்டு நாள் தூக்கம் வராது. இப்படிப்பட்டவள் இந்தத் துறைக்கு வரலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வார இறுதி வகுப்பில் சேருங்கள். வேலையை இப்போது விடாதீர்கள். வீடியோ பாடங்களை மென்பொருள் கற்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடப் படிப்பைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். ஏன் இந்த வரிசை என்பதை இனி விளக்குகிறேன். காரணம் புரிந்துவிட்டால், நாளைக்கு நான்காவதாக ஒரு வகுப்பு கண்ணில் பட்டாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்வீர்கள்.

விளம்பரங்களை யோசித்து உருவாக்கும் கிரியேட்டிவ் பிரிவுக்கு ஏஜென்சி ஆள் எடுக்கும்போது கையில் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான்: போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. எங்கே படித்தீர்கள், எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கும். ஒரு காப்பிரைட்டராகத் தொடங்கி இன்று ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் எனக்கு, விண்ணப்பித்தவரின் பட்டம் என்ன என்று பார்த்த ஞாபகமே பெரும்பாலும் இல்லை. போர்ட்ஃபோலியோ இணைப்பைத் திறப்பேன். முதல் இரண்டு மூன்று வேலைகளைப் பார்ப்பேன். அவற்றில் ஒரு யோசனை இருந்தால் மீதியையும் பார்ப்பேன், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுவேன். கொடூரமாகத் தெரியலாம். ஆனால் வணிகவியல் படித்த உங்களுக்கு இது நல்ல செய்தி. கவின்கலைக் கல்லூரியில் படித்தவரும் நீங்களும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள்.

ஆகவே வகுப்பு என்பது போர்ட்ஃபோலியோவை உருவாக்கும் இடம். அங்கே சொல்லித்தரப்படும் தகவல்களில் முக்கால்வாசி வெளியிலும் கிடைக்கும். வெளியில் கிடைக்காதவை மூன்று. தள்ளிப்போட முடியாத கெடு, கூட உட்கார்ந்து யோசிக்க ஒரு ஜோடி, உங்கள் வேலையைப் பார்த்து "இது வேண்டாம், வேறு கொண்டு வா" என்று காரணத்தோடு சொல்லும் ஒருவர். இந்த மூன்றுக்காகத்தான் பணம் கட்டுகிறோம். இவை இல்லாத வகுப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டமே.

ஜோடி என்று சொன்னேன் அல்லவா, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் விளம்பர நிறுவனங்களில் எழுதுகிறவர் ஓர் அறையில் இருப்பார். வாசகங்களைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். படப் பிரிவில் இருப்பவர் அதை வாங்கிப் பக்கத்தில் பொருத்துவார். 1949-ல் நியூயார்க்கில் டாய்ல் டேன் பெர்ன்பாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக் இந்த வழக்கத்தை மாற்றினார். எழுதுகிறவரையும் வடிவமைக்கிறவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, விளம்பரத்தைச் சேர்ந்தே யோசிக்கச் சொன்னார். ஃபோக்ஸ்வாகன் காருக்கு 1959-ல் அந்த நிறுவனம் செய்த புகழ்பெற்ற விளம்பரம் அப்படி வந்ததுதான். காப்பிரைட்டர் ஜூலியன் கீனிக், ஆர்ட் டைரக்டர் ஹெல்முட் க்ரோன். பெரிய பெரிய கார்களின் வண்ணப் படங்கள் பத்திரிகைகளை நிறைத்திருந்த காலத்தில், ஏறக்குறைய வெறுமையான ஒரு பக்கத்தின் மேல் ஓரத்தில் குட்டியாக ஒரு கார். கீழே, சிறியதாக யோசியுங்கள் என்ற பொருளில் இரண்டே சொற்கள். அந்த வெற்றிடத்தை எடுத்துவிட்டால் தலைப்பு செத்துவிடும். தலைப்பை எடுத்துவிட்டால் வெற்றிடம் அச்சுப்பிழை மாதிரி இருக்கும். எது எழுத்து, எது படம் என்று பிரிக்கவே முடியாது. இன்றும் பல ஏஜென்சிகள் கிரியேட்டிவ் பிரிவில் இரண்டு பேரை ஜோடியாகவே வைத்திருப்பது இதன் தொடர்ச்சிதான்.

அதனால் காப்பிரைட்டரா, ஆர்ட் டைரக்டரா என்ற கேள்வி முதல் நாளே தீர வேண்டியதில்லை. இருவரின் வேலையும் முதலில் யோசிப்பது. யோசனை கிடைத்த பிறகுதான் பாதை பிரிகிறது. காப்பிரைட்டர் தலைப்பையும் அதன் கீழ்வரும் வாசகத்தையும் திருத்தித் திருத்தி எழுதுவார். வானொலி, வீடியோ ஸ்கிரிப்ட் எழுதுவார். பொருளுக்குப் பெயர் வைப்பார். ஆர்ட் டைரக்டர் எழுத்துரு, லேஅவுட் (பக்கத்தில் எது எங்கே வரும் என்ற அமைப்பு), நிறம், எந்தப் புகைப்படக்காரர், எந்த வெளிச்சம், எந்த முகம் என்று பார்வைக்கு வரும் அத்தனையையும் தீர்மானிப்பார். (சினிமாவில் செட் போடும் கலை இயக்குநர் வேலை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நன்றாக வரையத் தெரியாத சிறந்த ஆர்ட் டைரக்டர்கள் இருக்கிறார்கள். போட்டோஷாப் கரைத்துக் குடித்தும் ஆர்ட் டைரக்டராக முடியாதவர்களும் இருக்கிறார்கள். கணினியில் கை ஓடுவதும், எது சரி எது தப்பு என்று கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றல்ல.

உங்களுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் சலிப்பான ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பசை, நகவெட்டி, பூட்டு, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரம் அதற்குத் தலைப்பு மட்டும் எழுதுங்கள், ஐம்பது தேறும் வரை. அடுத்த வாரம் அதே பொருளுக்கு ஒரு சொல்லும் இல்லாமல் படத்தாலேயே சொல்லும் விளம்பரங்களைப் பென்சிலில் கிறுக்குங்கள், இருபது தேறும் வரை. எது நன்றாக வந்தது என்று பார்க்காதீர்கள். இரண்டும் இப்போதைக்கு சுமாராகத்தான் வரும். யோசனை வற்றிப்போன பிறகும் எதை நிறுத்த மனம் வராமல் நோண்டிக்கொண்டே இருந்தீர்கள் என்று பாருங்கள். ஒரு சொல்லைத் தூக்கி இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை என்றால் நீங்கள் எழுத்துப் பக்கம். எழுத்துகளுக்கு இடையில் உள்ள இடைவெளி கண்ணை உறுத்துகிறது, சரிசெய்யாமல் தூங்க முடியவில்லை என்றால் மறுபக்கம்.

உங்கள் கடிதத்தை வைத்து ஊகிப்பதென்றால் எழுத்துப் பக்கம் என்பேன். மூன்று வருடம் விவரக் குறிப்பு எழுதியதை ஏதோ இழந்த காலம்போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது தப்பு. பொருளைப் பற்றிய உண்மைகளைத் தோண்டுவதுதான் காப்பிரைட்டரின் பாதி வேலை. புகழ்பெற்ற காப்பிரைட்டர் டேவிட் ஓகில்வி 1958-ல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பு இன்றும் பல வகுப்புகளில் காட்டப்படுகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்று சொல்லும் தலைப்பு அது. ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னதாக அந்த விளம்பரமே குறிப்பிடுகிறது. அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்ததில் சிக்கியது அந்த வரி. ஆடம்பரம், கம்பீரம் என்று எழுதியிருந்தால் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். விவரக் குறிப்பு எழுதும்போது நீங்கள் தொடும் உண்மைகளில் எது அந்தக் கடிகாரம் என்று பார்க்கப் பழகுங்கள். அலுவலக நேரத்திலேயே நடக்கும் பயிற்சி இது.

இனி வகுப்பறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். நல்ல வகுப்பில் பாடம் நடத்துவது குறைவு. வாரம் ஒரு பிரீஃப், அதாவது விளம்பரம் எதைச் சாதிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு, தருவார்கள். யாரிடம் பேசுகிறோம், அவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள், நாம் சொல்லப்போகும் ஒரே விஷயம் என்ன, அதை ஏன் நம்ப வேண்டும் என்று அதில் இருக்கும். அடுத்த வாரம் எல்லோரும் கொண்டுவந்ததைச் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். அவ்வளவுதான். இந்தப் பேச்சில்தான் கற்றலே நடக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். பொது நூலகத்துக்கு இருபதுகளில் உள்ளவர்களை வரவழைக்க வேண்டும் என்று பிரீஃப். முதல் வாரம் வகுப்பில் பாதிப்பேர் கொண்டுவருவது 'அறிவின் வாசல்', 'புத்தகம் ஒரு நண்பன்' வகையறாவாக இருக்கும். திறந்த புத்தகத்திலிருந்து பறவைகள் பறக்கும் படம் கண்டிப்பாக ஒன்று இருக்கும். நல்ல ஆசிரியர் இதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். "இதைப் படித்து யார் கிளம்பி வருவார்?" என்று கேட்பார். பிறகு, "அந்த வயதில் நீங்கள் ஏன் நூலகம் போவதில்லை?" என்பார். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் போகிற இடம் அது என்று ஒருவர் சொல்வார். போனில் எல்லாம் கிடைக்கிறதே என்பார் இன்னொருவர். "சரி, வீட்டை விட்டு வெளியே எங்காவது நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் எங்கே போகிறீர்கள்?" காபி கடைக்கு. "அங்கே எவ்வளவு நேரம் உட்கார முடியும்?" ஒரு காபி தீரும் வரைக்கும். அப்புறம் சர்வர் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இப்போது கையில் ஓர் உண்மை சிக்கியிருக்கிறது. எதையும் வாங்காமல் நாள் முழுக்க உட்காரக் கூடிய இடங்கள் மிகக் குறைவு. நூலகம் அவற்றில் ஒன்று. இங்கிருந்து ஒருவர் எழுதலாம்: "காலையில் வந்து உட்காருங்கள். 'வேறென்ன வேணும்?' என்று சாயங்காலம் வரை யாரும் கேட்க மாட்டார்கள்." ஆர்ட் டைரக்டர் புத்தக அலமாரியைத் தூக்கிவிட்டு, ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலியை மட்டும் வைப்பார். போஸ்டர் எங்கே? காபி கடைக்கு எதிரில் உள்ள பேருந்து நிறுத்தத்தில். அடுத்த கேள்வி, இதே யோசனையில் இரண்டாவது விளம்பரம் வருமா? "இங்கே பேசக் கூடாது. உங்களைத் தேடி வரும் மேலாளரும்தான்." மூன்றாவது வருமா? வந்தால் அது கேம்பெயின், ஒரே யோசனையில் பிறந்த விளம்பரத் தொடர். வராவிட்டால் கையில் இருப்பது ஒரு நல்ல வரி, அவ்வளவே. நல்ல வரிக்கும் யோசனைக்கும் உள்ள வித்தியாசத்தை வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உங்கள் சொந்த வரியைச் சுவரில் ஒட்டி, மூன்றாவது வராமல் திணறும்போதுதான் அது உள்ளே இறங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பாருங்கள். பதிவு செய்த வீடியோவில் "வேறு கொண்டு வா" என்று சொல்ல ஆள் இல்லை. டைப்போகிராஃபி எனும் எழுத்துரு அமைப்பின் அடிப்படை, லேஅவுட் மென்பொருள், வீடியோ எடிட்டிங் ஆகியவற்றுக்கு அது போதும், நன்றாகவும் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முழுநேரப் படிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பிராண்ட்சென்டர், 1993-ல் மியாமி ஆட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய கல்வி நிறுவனம் போன்றவை போர்ட்ஃபோலியோவை மையமாக வைத்தே இயங்கும் பள்ளிகள். பிராண்ட்சென்டரில் காப்பிரைட்டிங்குக்கும் ஆர்ட் டைரக்‌ஷனுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு, இரண்டு வருட முதுகலைப் படிப்பு. இந்த மாதிரிப் பள்ளியில் தினமும் ஜோடி போட்டு வேலை செய்யலாம், பலரோடு பழகலாம், வேலைக்கு எடுப்பவர்களின் கண்ணில் படலாம். குறை பணம்தான். ஏஜென்சியில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவு. நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறையக்கூட வாய்ப்பு உண்டு. முதல் வேலையின் சம்பளத்தில் மாதத் தவணையைக் கட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்றால் அந்தக் கடனை வாங்காதீர்கள். கடன் கழுத்தைப் பிடித்தால் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அது மோசமான ஏஜென்சியாக இருந்தாலும் விட முடியாது. இந்தத் துறையில் முதல் இரண்டு வருடம் யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பது சம்பளத்தைவிட முக்கியம்.

வார இறுதி வகுப்பும் மாலை வகுப்பும் ஏதோ இரண்டாந்தர வழி என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் புதியவர்கள் துறைக்குள் நுழையும் முக்கியமான வாசல்களில் ஒன்று அவார்ட் ஸ்கூல். அது பகுதிநேர வகுப்புதான். ஏஜென்சியில் வேலை பார்ப்பவர்களே பிரீஃப் தந்து, வாரா வாரம் வேலையைப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 1962-ல் தொடங்கிய, வடிவமைப்புக்கும் விளம்பரத்துக்குமான டி அண்ட் ஏடி அமைப்பு, பட்டம் இல்லாமல் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்களுக்கென்று இலவச இரவுப் பள்ளியே நடத்தியிருக்கிறது. பகலில் வேறு வேலை, இரவில் பிரீஃப் என்ற வாழ்க்கை உடம்பை வாட்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் மூன்று மாதம்தான். துறை பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளவும் அது போதும், பெரிய இழப்பும் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட வகுப்பு நல்லதா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்களே விசாரிக்கலாம். போன தடவை படித்தவர்களின் போர்ட்ஃபோலியோக்களைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் போடும் நட்சத்திர மாணவருடையது வேண்டாம், நடுவில் உள்ள இரண்டு பேருடையது வேண்டும் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். முடித்தவர்கள் இரண்டு பேரோடு நீங்களாகவே பேசுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவரின் வேலையும் ஒவ்வொரு வாரமும் பார்க்கப்படுமா என்று கேளுங்கள். நாற்பது பேர் இருந்து இரண்டு மணி நேரம்தான் வகுப்பு என்றால் உங்கள் தாளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். கற்பிப்பவர் இப்போது துறையில் வேலை பார்க்கிறாரா என்பதும், எழுதுகிறவர்களும் வடிவமைக்கிறவர்களும் ஒரே வகுப்பில் இருப்பார்களா என்பதும் முக்கியம். எழுதுகிறவர்கள் மட்டும் என்றால் ஜோடி கிடைக்காது, உங்கள் தலைப்புகள் எல்லாம் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாகவே நின்றுவிடும். நூறு சதவீதம் வேலை உறுதி என்றால் எந்தப் பதவியில், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். கிரியேட்டிவ் பிரிவுக்குப் படித்தவரை விற்பனைப் பிரிவில் சேர்த்துவிட்டு அதையும் வேலை என்று கணக்குக் காட்டும் இடங்கள் உண்டு. பாதியில் விலகினால் கட்டணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று சொல்ல விட்டுப்போனது: பாதி நேரத்துக்கு மேல் மென்பொருள் சொல்லித்தரும் வகுப்பு என்றால் வேண்டாம்.

இப்போது குறை கேட்டால் தூக்கம் வராது என்ற விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. தூக்கம் கெடாதவர்களுக்குத் தங்கள் வேலைமேல் பெரிய அக்கறை இருப்பதில்லை. இந்தத் தொழிலில் எழுதுவதில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். ஜோடி வேண்டாம் என்பார், கிரியேட்டிவ் பிரிவின் தலைவரான கிரியேட்டிவ் டைரக்டர் வேண்டாம் என்பார், கடைசியில் விளம்பரம் கேட்ட கிளையன்ட் வேண்டாம் என்பார். மாறவேண்டியது உங்கள் சுபாவம் அல்ல, நீங்கள் வேலை செய்யும் அளவு. ஒரே ஒரு யோசனையைக் கொண்டுபோய் வைத்தால் அது நிராகரிக்கப்படும்போது நீங்களே நிராகரிக்கப்பட்டதாகத் தோன்றும். இருபதைக் கொண்டுபோனால் பதினெட்டு போனாலும் இரண்டு மிஞ்சும், பேச்சும் அந்த இரண்டைப் பற்றியதாகிவிடும். அப்புறம், குறை சொல்லும்போது பதில் சொல்லாமல் குறிப்பெடுங்கள். "அது வந்து, நான் என்ன நினைத்தேன் என்றால்" என்று விளக்க ஆரம்பித்தால் நின்றுவிடுங்கள். போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல உங்களை யாரும் அனுப்பப்போவதில்லை. விளக்கம் தேவைப்படும் விளம்பரம் இன்னும் முடியவில்லை.

குறை சொல்வதற்கும் அவமானப்படுத்துவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "இந்தத் தலைப்பு பிரீஃபில் உள்ள ஆளிடம் பேசவில்லை" என்பது குறை. "உனக்கெல்லாம் எதற்கு இந்த வேலை" என்பது அவமானம். இரண்டாவதைக் கண்டிப்பு என்ற பெயரில் செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்வது பயிற்சியின் ஒரு பகுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுந்து வந்துவிடலாம்.

போர்ட்ஃபோலியோவில் ஐந்தாறு கேம்பெயின் போதும். இன்னும் இரண்டைச் சேர்க்கலாமே என்று தோன்றும்போது சேர்க்காதீர்கள், பார்ப்பவர் உங்களை உங்களுடைய மோசமான வேலையை வைத்தும் எடைபோடுவார். எல்லாமே ஷூவும் பைக்குமாக இருந்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு கவர்ச்சி இருக்கிறது. காப்பீடு, வாஷிங் பவுடர், பசை என்று சலிப்பானவற்றில் யோசனை காட்டினால் நிமிர்ந்து உட்காருவேன். எல்லாமே மரம் வளர்ப்போம், ரத்தம் கொடுப்போம் என்று இருந்தாலும் அதே பிரச்சினைதான். நல்ல காரியம் என்பதாலேயே பார்ப்பவர் மனம் இளகிவிடும், யோசனையின் பலம் தெரியாது. ஒவ்வொன்றின் மேலேயும் பிரீஃப் ஒரே வரியில் இருக்கட்டும். பயிற்சிக்காகச் செய்தது என்றால் பயிற்சி என்றே குறிப்பிடுங்கள், உண்மையான கிளையன்ட் போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. காப்பிரைட்டராக விண்ணப்பித்தால் முந்நூறு சொற்களுக்குக் குறையாத ஒரு நீண்ட வாசகமாவது இருக்க வேண்டும். தலைப்பு மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், இரண்டாவது பத்தி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. எந்த மொழியில் உங்களால் சண்டை போட முடியுமோ அந்த மொழியில் எழுதுங்கள்.

ஜோடியாகச் செய்த வேலையில் இருவர் பெயரும் இருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் ஜோடியை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆறு மாதம் வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து, வகுப்பில் செய்ததில் பாதியைத் தூக்கிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். டி அண்ட் ஏடி ஒவ்வொரு வருடமும் புதியவர்களுக்கான நியூ பிளட் போட்டிக்கு உண்மையான நிறுவனங்களின் பிரீஃப்களை வெளியிடுகிறது. போட்டிக்கு அனுப்பாவிட்டாலும் எடுத்துப் பயிற்சி செய்யலாம். வகுப்பில் கிடைத்ததைவிட நல்ல போர்ட்ஃபோலியோ பெரும்பாலும் இந்த ஆறு மாதத்தில்தான் உருவாகிறது. அதற்குப் பிறகும் இரண்டு வருடப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால் அப்போது விண்ணப்பியுங்கள். கையில் வேலை இருக்கும், உங்களுக்கு அங்கே என்ன வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஏஐ பற்றி. ஒரே பேனரை இருபது அளவில் மாற்றுவது, ஒரு வாசகத்தை முப்பது விதமாகத் திருப்பி எழுதுவது போன்ற வேலைகள் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்கள் கை பழகியது பெரும்பாலும் அந்த வேலைகளில்தான். ஆகவே வாசல் குறுகுகிறது, இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இல்லை. ஆனால் நூலக உதாரணத்தைத் திரும்பப் பாருங்கள். அங்கே கடினமாக இருந்தது வரி எழுதுவதா, எந்த உண்மையைப் பற்றி எழுதுவது என்று கண்டுபிடித்ததா? முப்பது வரிகள் இலவசமாகக் கிடைக்கும்போது அதில் எது சரி என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அந்தத் தீர்மானம் பழக்கத்தில் வருவது, ஐம்பது தலைப்பு எழுதி நாற்பத்தெட்டைக் கிழித்துப் போட்ட பழக்கத்தில். அதனால் வகுப்பு நடக்கும் மூன்று மாதமும் முதல் சுற்று யோசனையை இயந்திரத்திடம் கேட்காதீர்கள். அது முதலில் தருவது அந்தப் பறவை பறக்கும் புத்தகமாகத்தான் இருக்கும். யோசனை முடிவான பிறகு படம் உருவாக்க, மாதிரி காட்டத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். போர்ட்ஃபோலியோவில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தை வயதோடு தொடங்கியிருக்கிறீர்கள். 26 தாமதமே இல்லை. வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஏஜென்சிக்கு வெளியே உள்ள மனிதர்களைத் தெரியும். பிரீஃபில் வருபவர்கள் அந்த மனிதர்கள்தான்.

வகுப்பில் சேருவதற்கு முன் உங்கள் அலுவலக ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நீங்கள் எழுதிய விவரக் குறிப்புகளை வெளியே காட்டலாமா, வேலையில் இருக்கும்போது வெளி வேலை செய்யலாமா என்று அதில் எழுதியிருக்கும். காட்டலாம் என்றால் அவற்றில் மிகச் சிறந்த ஒன்றை மட்டும், முதலில் இருந்த வடிவத்தையும் நீங்கள் மாற்றிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போர்ட்ஃபோலியோவின் கடைசியில் சேருங்கள். காட்டக் கூடாது என்றால் அதே பொருளுக்குப் புதிதாக ஒரு விளம்பரம் செய்யுங்கள், பொருளைப் பற்றித்தான் உங்களுக்கு எல்லாம் தெரியுமே.